கண்ணாடிச் சில்லும் கழுத்து மணியும்

வரலாறு என்றவுடன் வாளும் முடியும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. பாடநூல்கள் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. இவ்வெள்ளி விழா மலரில் நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. கடுகளவு முதல் நெல்லிக்காய் அளவு வரையில் உள்ள கண்ணாடி மணியே அது. அதிலும் புதுக் கண்ணாடியில் வார்த்த மணியன்று. உடைந்த குப்பியையும் ஒடிந்த சில்லையும் நெருப்பில் இளக்கிச் செய்த மணி. இதற்கும் ஒரு வரலாறு உண்டோ என இளைஞர்கள் வினவலாம். உண்டு. அது பல நூற்றாண்டுகள் நீண்டது. மூன்று கண்டங்களில் பரந்தது. அவ்வரலாற்றை ஆக்கியவர்களுள் அரியணை ஏறியவர் எவருமிலர்.

ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்கள் இத்தொழிலின் முதற்பாடத்தைத் தாமறியாமலே கற்றிருப்பர். திருவிழா முடிந்த மறுநாள் கடைத்தெருவில் சிதறிக் கிடக்கும் வளையல் துண்டுகளைப் பெண்பிள்ளைகள் மடியில் பொறுக்கி வருவார்கள். சிமினி விளக்கின் சுடரிலோ மெழுகுவத்தியிலோ ஒரு துண்டைக் காட்டினால், அது மெல்ல இளகி வளையும். இரு முனையும் கூடி வளையமாகும். அதனுள் அடுத்த துண்டை நுழைத்து வளைக்கச் சங்கிலி வளரும். நிலைப்படியில் தொங்கவிட ஒரு தோரணம் ஆகிவிடும். கைசுட்டுக்கொண்டதற்காக வீட்டில் ஏச்சு வாங்குவதும் உண்டு. அப்பிள்ளைகள் செய்த அதே செயலை ஐரோப்பாவின் வெனிஸ் நகரத்தார் ஒரு பெருந்தொழிலாக வளர்த்து உலகெங்கும் விற்றனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

கண்ணாடி என்பது என்ன? மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் கடுந்தீயில் கூடிப் பிறந்த பொருள். இம்மூன்றையும் உருக்கிப் புதுக் கண்ணாடி ஆக்குவதற்கு ஏறத்தாழ 1400 முதல் 1500 பாகை வெப்பம் வேண்டும். அதற்குப் பெரிய உலையும், மலைபோல் விறகும், முதலும் தேவை. ஆனால் ஒருமுறை கண்ணாடியாகிவிட்ட பொருள் 700 பாகை அளவிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. எத்தனை முறை உருக்கினாலும் அதன் குணம் குன்றுவதில்லை. இன்றைய கண்ணாடி ஆலைகளிலும் கலவையோடு உடைசலைச் சேர்த்தே உருக்குகிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு உடைசல் சேர்த்தால் எரிபொருளில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பங்கு மிச்சமாகிறது என்பது அத்துறையார் கணக்கு. ஆகவே பெரிய உலை கட்ட வகையற்ற எளியவர்க்கும் உடைந்த கண்ணாடி ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. மணல் செல்வனுடையது, சில்லு ஏழையினுடையது என்றே சொல்லிவிடலாம்.

இச்சில்லுக்குப் பழங்காலத்திலேயே விலை இருந்தது. பழைய இரும்புக்கும் உடைந்த பாட்டிலுக்கும் பேரீச்சம்பழம் தரும் வியாபாரியை நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். அவருடைய முன்னோடி முதல் நூற்றாண்டு உரோமாபுரியில் இருந்தார். டைபர் ஆற்றின் அக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்து, கந்தகம் தோய்த்த குச்சிகளைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கிச் செல்லும் தெருவியாபாரி அவர். அவரைப் பற்றி நாம் அறிவது மார்ஷியல் என்னும் இலத்தீன் கவிஞரின் வாயிலாக. எவ்வாறு அறிகிறோம் என்பதுதான் கவனிக்கத் தக்கது. தமக்குப் பிடிக்காத ஒருவரை இழித்துப் பேச விரும்பிய கவிஞர், ‘நீ அந்தச் சில்லு வியாபாரியைப் போன்றவன்’ என்னும் பொருள்பட எழுதி வைத்தார். சில்லைப் பொறுக்கியவர் பெயர் ஏட்டில் ஏறியது வசைமொழியாகத்தான். அவர் பொறுக்கிச் சென்ற சில்லோ உலைக்குச் சென்று கிண்ணமாகி, அதே கவிஞரின் விருந்து மேசைக்கு வந்திருக்கக் கூடும். இதனைப் படிக்கும்போது நமக்கு வியப்பு எழவில்லை. பழகிய குரலாகவே கேட்கிறது.

உடைசல் கப்பலேறிய செய்தியும் உண்டு. துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில் செர்ச்சே லிமான் என்னும் இடத்தில், 1025ஆம் ஆண்டையொட்டி மூழ்கிய கப்பல் ஒன்றை 1977 முதல் 1979 வரை அகழ்ந்து ஆய்ந்தனர். அதில் ஏறத்தாழ 3 டன் கண்ணாடி இருந்தது. 2 டன் கட்டிக் கண்ணாடி. எஞ்சிய 1 டன் உடைந்த பாத்திரங்களின் சில்லு. உருக்குவதற்கென்றே சில்லைக் கடல் கடந்து கொண்டு சென்றனர் என்றால் அதன் மதிப்பை நாம் உணரலாம்.

இனி மணிக்கு வருவோம். கண்ணாடி மணிக்கு நம் பக்கத்துப் பெயர் பாசி. புதுச்சேரிக்கருகில் உள்ள அரிக்கமேடு இத்தொழிலின் பழம்பெரும் நிலைக்களங்களுள் ஒன்று. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்ததைப் பாடநூல்கள் கூறும். அதற்கு முன்பே, 1930களில், ஊர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் பிற பொருள்களையும் கண்டே ழுவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்விடத்தின் பெருமையை உணர்ந்தார் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. பொறுக்கியவர் மறைவதும் பெயரிட்டவர் நிலைப்பதும் ஆராய்ச்சி உலகிலும் வழக்கந்தான்.

அரிக்கமேட்டு மணிகளைச் செய்த முறை விளக்குச்சுடர் முறை அன்று. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, அதனைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றிக் கூர்முனைகளை மழுங்கச் செய்யும் முறை அது. திருக்காளத்திக்கு அருகில் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம் வரையில் வழக்கில் இருந்ததை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் 1980களில் நேரில் கண்டு எழுதினார். உலையின் வாயில் சுழலும் இரும்புக் குழலின் நுனியில் கண்ணாடி கூம்பாகத் திரண்டு நிற்க, எதிர்ப்புறத்தில் அமர்ந்தவர் அதனைப் பற்றி, ஒரு கைக்கு மறு கை மாற்றி மாற்றி, நூல் இழுப்பதுபோல் இழுப்பார். நடுவிலுள்ள துளை எவ்வளவு நீளத்திற்கும் அடைபடாமல் வரும். இம்முறையில் பிறந்த சிறு மணிகளுக்கு ஃபிரான்சிஸ் இட்ட பெயர் ‘இந்தோ-பசிபிக் மணி’. கீழைக் கடலில் கொரியா, சப்பான் வரையிலும், மேலைக் கடலில் ஆப்பிரிக்கா வரையிலும் அவை கிடைக்கின்றன.

ஆப்பிரிக்காவில் கிடைத்த மணிகளுக்கு நேர்ந்த கதை நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. தென்னாப்பிரிக்காவில் லிம்போப்போ ஆற்றங்கரையில் மாப்புங்குபுவே என்னும் பழம்பதி உள்ளது; 2003 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. அதனருகே ‘கே2’ என்று ஆய்வாளர் குறியிட்ட ஊரில், கி.பி. 1000 முதல் 1220 வரையில் வாழ்ந்த மக்கள், இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த பொடி மணிகளை வாங்கினர். வாங்கியவற்றை அப்படியே கோத்து அணிந்ததோடு அமையவில்லை. அவற்றைத் திரட்டிக் களிமண் அச்சில் இட்டு உருக்கி, தமக்கு வேண்டிய பருமனில், உருளைவடிவில், புதிய மணிகளை வார்த்துக்கொண்டனர். அச்சுகளும் அங்கேயே கிடைத்துள்ளன. பிறர் செய்த மணி அவர்களுக்கு மூலப்பொருளாயிற்று. மேற்கே நைசீரியாவின் இலே-இஃபே நகரில் 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையில் கண்ணாடியையே தாமாக ஆக்கியிருக்கிறார்கள் என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. ஆப்பிரிக்கர் கண்ணாடியை வெள்ளையரிடமே முதன்முதல் கண்டு மயங்கினர் எனப் பழைய நூல்களில் எழுதியிருப்பது எத்தகைய பிழை என்பது இதனால் தெளிவாகும்.

இப்போது வெனிசுக்குச் செல்வோம். தீ விபத்துக்கு அஞ்சி அந்நகர ஆட்சியினர் 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ என்னும் தீவுக்கு மாற்றினர். உலையில் இழுத்த வண்ணக் கண்ணாடிக் கோல்களை வாங்கி வந்து, நகரத்துச் சிறு வீடுகளில் அமர்ந்து மணி செய்தவர்கள் விளக்குத் தொழிலாளர்கள். மேசைமேல் கொழுப்பு ஊற்றிய விளக்கு. மேசைக்கு அடியில் காலால் மிதிக்கும் துருத்தி. துருத்திக் காற்றுப் பட்டவுடன் சோம்பிய சுடர் கூர்மையாகிச் சீறும். ஒரு கையில் கண்ணாடிக் கோல். மறு கையில் மெல்லிய கம்பி. கோலின் நுனி தேன்போல் இளகியதும் சுழலும் கம்பியில் அதனைச் சுற்றுவார்கள். கம்பியில் களிமண் பூச்சு இருந்தால் ஆறிய பின் மணி எளிதில் கழன்று வரும். கம்பி நின்ற இடமே துளையாகும். மேலே வேறு வண்ணத்தில் பொட்டு, கோடு, பூ என எதுவும் இடலாம். ஒவ்வொரு மணியும் தனித்தனியே ஒருவர் கையால் பிறந்தது. ஆலையில் பிறந்ததன்று.

அம்மணிகளைக் கோத்தவர் பெண்கள். சந்து வாயில்களில் நாற்காலி போட்டு அமர்ந்து, மடியில் மணி நிறைந்த மரத்தட்டை வைத்துக்கொண்டு, விசிறிபோல் பிடித்த பல நீண்ட ஊசிகளை அதனுள் செலுத்தி வாரி எடுப்பார்கள். வணிகருக்கும் அவர்களுக்கும் இடையே வேலை பகிர்ந்து கொடுக்கும் தரகுப் பெண்கள் இருந்து கூலியில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டனர். நம் தோட்டக்காட்டுக் கங்காணி முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1904இல் அப்பெண்கள் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அழகிய நகரத்தின் பின்கட்டில் நடந்த இச்செய்தி சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை.

அம்மணிகள் எங்கே சென்றன? பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. வெனிசிலும் இலண்டனிலும் இருந்த வணிகர்கள், எந்தக் கரையில் எந்த வண்ணம் விலைபோகும் எனக் கணக்கிட்டு, மாதிரி அட்டைகளில் மணிகளை வரிசையாகத் தைத்து வைத்திருந்தனர். அம்மணிகளுக்கு மாற்றாகப் பொன் வந்தது; தந்தம் வந்தது; பனை எண்ணெய் வந்தது. துணி, இரும்பு, துப்பாக்கி ஆகியவற்றோடு மணியும் சேர்ந்த விலைக்கு மனிதரும் வந்தனர். கூலிக்காரர் கையால் பிறந்த ஒரு பொருள், வேறொரு நாட்டில் மனிதரை விலைபேசும் பொருளாயிற்று. விளக்கின் முன் அமர்ந்திருந்தவர் இதனை அறிந்திருப்பாரா என்பதன்று நம் வினா. அறிந்த வணிகர் அட்டையைத் தைத்துக்கொண்டே இருந்தார் என்பதைத்தான் நாம் மறக்கலாகாது.

இது தொலைவில் நடந்த கொடுமை என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மணியைக் கொண்டே மக்களுக்கு அடிமைக் குறி இட்ட வரலாறு நம் அண்டையிலேயே உண்டு. திருவிதாங்கூர் அரசில் புலையர் குலப் பெண்கள் பொன் அணியக்கூடாது. கல்லும் கண்ணாடியும் கோத்த மாலையையே கழுத்தில் சுமக்க வேண்டும். மார்பை மூடுவதும் குற்றம். அந்த மாலையின் பெயர் கல்லுமாலை. அழகுக்காக ஒருத்தி விரும்பி அணிந்த மாலையன்று அது. தொலைவில் வரும்போதே இன்ன சாதி என்று கண்டுகொள்வதற்காகப் பூட்டிய தளை.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி (1863-1941) இக்கொடுமையை எதிர்த்து மக்களைத் திரட்டினார். 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கோபாலதாசன் முன்னின்று நடத்திய கூட்டத்தில், கல்லுமாலையைக் கழற்றி எறியுமாறு பெண்களுக்கு அறைகூவல் விடுக்கப்பட்டது. ஆதிக்கத்தினர் தாக்கினர், கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஆயினும் செய்தி அடங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் பெருங்கூட்டம் கூடியது. சங்கனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை வகித்தார். அய்யன்காளியின் சொல்லைக் கேட்டுப் பெண்கள் எழுந்து, அனைவரும் காண, மாலைகளை அறுத்து மேடையருகில் எறிந்தனர். எறிந்த மாலைகள் குவியலாக எழுந்தன. கல்லுமாலைப் போராட்டம் என வரலாற்றில் நிலைபெற்றது இதுவே. நம் இளம்பெண்கள் இன்று கடையில் பாசிமணி வாங்கி, பிடித்தால் அணிந்து, பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கிறார்கள். அந்தக் கழற்றி வைக்கும் உரிமைக்குப் பெரிநாட்டில் வீடுகள் எரிந்திருக்கின்றன.

மணியை அறுத்து எறிந்தது ஒரு விடை. வேறொரு மக்கள் வேறொரு விடை தந்தனர். பிறர் விற்ற மணிக்குப் பதிலாகத் தம் மணியைத் தாமே செய்துகொண்டனர். அதற்கு அவர்கள் எடுத்தது பிறர் குடித்துவிட்டு எறிந்த குப்பிகளை. அவர்கள் கானா நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழும் குரோபோ மக்கள்.

குரோபோ மக்களின் பழைய இருப்பிடம் ஒரு மலை. 1892இல் ஆங்கில ஆட்சியாளர் அவர்களைக் குறுகிய அவகாசத்தில் அம்மலையிலிருந்து வெளியேற்றினர். பெண்பிள்ளைகள் பருவமெய்தியதைக் கொண்டாடும் ‘டிபோ’ முதலிய சடங்குகளையும் தடை செய்தனர். மலை போயிற்று; சடங்கு போகவில்லை; மணியும் போகவில்லை. குழந்தைக்குப் பெயரிடும் நாளில் மணி, டிபோவில் இடுப்பிலும் கழுத்திலும் சரஞ்சரமாக மணி, இறந்தோர்க்குச் செய்யும் கடனிலும் மணி என்று அவர்கள் வாழ்வு முழுவதும் மணி தொடர்கிறது. தாயின் மணி மகளுக்கும், அவள் மணி பெயர்த்திக்கும் செல்லும். நாம் பொன்னைக் கருதுவதுபோல அவர்கள் மணியைக் கருதுகிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அம்மணியின் மூலப்பொருள் குப்பைமேட்டில் கிடைக்கிறது.

ஒடுமாசே, சோமானியா, அகோமானியா முதலிய ஊர்களைச் சூழ்ந்து இத்தொழில் நடக்கிறது. அதன் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். முதலில் குப்பிகளை வண்ணம் பிரிப்பார்கள். பீர்க் குப்பி பச்சையும் பழுப்பும் தரும். மருந்துக் குப்பிகளுள் நீலநிறத்தவை அரியவை, ஆதலால் அவற்றுக்கு மதிப்பு மிகுதி. கழுவி, இரும்பு உரலில் இட்டு, இரும்பு உலக்கையால் இடித்து, மாவுபோல் சலிப்பார்கள். கரையான் புற்றுமண்ணால் செய்த தட்டையான அச்சில் வட்டக் குழிகள் வரிசையாக இருக்கும். கண்ணாடி ஒட்டிக்கொள்ளாதிருக்கக் குழிகளில் வெண்களிமண் குழம்பைப் பூசுவார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளியின் இலைக்காம்பில் ஒரு துண்டை ஊன்றுவார்கள். பிறகு கண்ணாடித் தூளை இட்டு நிரப்புவார்கள். வண்ணத்தூளை அடுக்கடுக்காக இட்டால் கோடுகள் அமையும். அச்சைச் சூளையில் வைத்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தூள் உருகி ஒன்றாகும். மரவள்ளிக் காம்பு எரிந்து சாம்பலாகிவிடும். அது நின்ற இடம் துளையாகும். துளையிடக் கருவி வேண்டாமல் ஒரு காம்பையே கருவியாக்கிய இந்நுட்பத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்பித்தது?

வெளியே எடுத்தவுடன், மணி இளகியிருக்கும்போதே, இரு குத்தூசிகளால் துளையைச் செம்மைசெய்து மணியைச் சுழற்றி உருட்சியாக்குவார்கள். ஆறிய பின் கல்லின்மேல் மணலும் நீரும் இட்டுத் தேய்க்க, வெண்களிமண் நீங்கி மெருகு ஏறும். தூளாக்காமல் சிறு துண்டுகளாகவே அச்சில் இட்டு உருக்கும் வகையும் உண்டு. அவ்வகை மணி ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதற்குக் காம்பு பயன்படாது. உருகிய பிறகே குத்தூசியால் துளைக்க வேண்டும். செய்பவர் பெரும்பாலும் ஆண்கள். சந்தையில் விற்பவர் பெரும்பாலும் பெண்கள். இடிக்கும்போது எழும் கண்ணாடித் தூசி நெஞ்சுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது என்பதையும் அழகைப் பாராட்டும்போதே சொல்லிவிட வேண்டும்.

வெனிசின் சுடர் முறைக்கு இன்னும் நெருங்கியது நைசீரியாவின் பிடா நகரத்து முறை. அங்கே ‘மசாகா’ எனப்படும் கண்ணாடித் தொழிலாளர் குழு உள்ளது. 1930களில் அங்குத் தங்கி ஆராய்ந்த நாடெல் என்பவர் 1942இல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றி எழுதியுள்ளார். களிமண் உலையைச் சூழ்ந்து அமர்ந்து, ஒருவர் பாட்டின் தாளத்திற்கேற்பத் துருத்தி ஊத, மற்றவர் இரும்புக் கோலின் நுனியில் இளகிய கண்ணாடியைச் சுற்றி மணியும் வளையலும் ஆக்குவர். முன்னர் மணலையும் உவர் உப்பையும் கூட்டிக் கருங்கண்ணாடியைத் தாமே ஆக்கினர். ஐரோப்பியரின் குப்பிகள் வந்து குவிந்த பின் அவற்றை உருக்கத் தலைப்பட்டனர். மதுவை விற்க வந்தவனுடைய வெறுங்குப்பி மணியாகிச் சந்தைக்கு வந்துவிட்டது.

மசாகா தொழில் குடும்பவழித் தொழில்; நுட்பம் வெளியாருக்குச் செல்வதில்லை. இவ்விடத்தில் நாம் ஒன்றைத் தெளிவாகக் கூறியாக வேண்டும். கைத்தொழிலின் பெருமையைப் பேசத் தொடங்கினால், ‘தந்தை தொழிலே மகனுக்கு நன்று’ என முடிப்போர் நம் நாட்டில் எப்போதும் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியாகவே பெயரிட்டனர். கடும் எதிர்ப்பெழுந்து, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. நாம் குரோபோ மக்களைப் புகழ்வது அந்தத் திட்டத்திற்குப் பின்வாயில் திறப்பதற்காக அன்று. பிரோசாபாத்தில் கண்ணாடி வளையல் உலைகளின் முன் பள்ளி செல்ல வேண்டிய பிள்ளைகள் அமர்ந்திருந்த கொடுமையை நாடறியும். சுடரின் முன் பத்து வயதுப் பிள்ளையை அமர்த்தும் தொழில் எவ்வளவு அழகிய மணியைத் தந்தாலும் நமக்கு வேண்டா. படித்த பின்னர், தன் விருப்பால், கணக்கும் வேதியியலும் அறிந்து ஒருவர் அதன் முன் அமர்வாராயின் அது வேறு.

அவ்வாறு அமர விரும்பும் இளைஞர்க்குச் சில உண்மைகளைச் சொல்லலாம். இன்று துருத்தியும் கொழுப்பு விளக்கும் இல்லை. எரிவாயுச் சுடர் விளக்கு உள்ளது. காசியிலும் பிற ஊர்களிலும் அத்தகைய விளக்கின் முன் அமர்ந்து மணி செய்வோர் பலர். பழைய குப்பியைப் பட்டைபட்டையாக வெட்டிக் கோல்போல் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு குப்பியின் கண்ணாடியை மற்றொன்றோடு மனம்போனபடி கலத்தலாகாது. வெப்பத்தில் ஒவ்வொரு கண்ணாடியும் விரியும் அளவு வேறு. ஆறும்போது சுருங்கும் அளவும் வேறு. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்று மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கினால் மணி தானே வெடிக்கும். சில வேளை மறுநாள் வெடிக்கும். பள்ளி ஆய்வகத்துக் குடுவையையும் சோடாக் குப்பியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஆயினும் குப்பி குடுவையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு விரியும். கொதிநீரைத் திடீரென ஊற்றினால் குப்பி விரிசல் விட, குடுவை தாங்குவது இதனால்தான். ஆகவே ஒரு மணிக்கு ஒரே குப்பியின் கண்ணாடி என்பதே தொடக்கத்தில் பாதுகாப்பான விதி. குரோபோ மக்கள் குப்பியை வண்ணமும் வகையும் பார்த்துப் பிரித்து வைப்பதில் இந்த அறிவும் அடங்கியிருக்கிறது.

மற்றொன்று, ஆற்றுதல். சுடரிலிருந்து எடுத்த மணியைக் காற்றில் வைத்தால் மேற்புறம் முதலில் இறுகும். உட்புறம் இன்னும் இளகியே இருக்கும். அந்த இழுபறி உள்ளேயே தங்கி, சிறு தட்டலில் மணியைப் பிளந்துவிடும். எனவே சுடச்சுடச் சூடான சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவது பழைய முறை. இன்று மின்சூளையில் 500 பாகையைச் சற்று கடந்த வெப்பத்தில் நிறுத்திப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, காரணம் மாறவில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதையும் காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்வதையும் எவரும் சிறுமையாகக் கருத வேண்டுவதில்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். வெனிசில் மணி செய்தவரும் கோத்தவரும் கூலி பெற்றனர். மணியின் விலை வணிகருக்குச் சென்றது. குரோபோ நாட்டில் நிலைமை முற்றும் மாறிவிட்டதென நாம் சொல்லமாட்டோம். வெளிநாட்டு ஆலை மணிகளின் போட்டி அங்கும் உண்டு, இடைத்தரகரும் உண்டு. நீலக் குப்பிகள் நெகிழிக்கு இடந்தந்து அருகியதால் வண்ணப்பொடியை விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. ஆயினும் அச்சும் சூளையும் செய்பவருடையவை. சந்தை விரிப்பில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அவருடைய வீட்டாரோ ஊராரோ ஆவர்.

கொஃபோரிடுவா நகரில் வியாழக்கிழமைதோறும் மணிச்சந்தை கூடுகிறது. குப்பித்தூளில் பிறந்த புது மணிகளும், பாட்டிமார் பெட்டியிலிருந்து வந்த பழைய வெனிசு மணிகளும் அங்கே பக்கத்துப் பக்கத்துச் சரங்களில் தொங்குகின்றன. வெளிநாட்டார் பலர் வந்து வாங்குகிறார்கள்; அவர்களுள் ஐரோப்பியரும் உளர். அவர்கள் பேரம் பேசுகிறார்கள். விரிப்பில் அமர்ந்திருக்கும் அம்மையார் தம் விலையைச் சொல்கிறார்.